டெஸ்பாட்ச் கேட்டில் நின்ற நாள்

புது ஷூ அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வரும். பாதி தோல், பாதி பசை. அது மூக்கில் ஏறினால் எனக்கு ஷூ ஞாபகம் வராது. மீனம்பாக்கம் ஏர்போர்ட் தான் ஞாபகம் வரும்.

ஏன் என்று கேட்காதீர்கள் தோஸ்துகளே... கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஆப்பிரிக்காவில் ஒரு ஷூ கம்பெனிக்கு கட்டிங் சூப்பர்வைசராகப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் இருந்த ஊரில் நெட் கம்மி. குரல் மட்டும் தான் வரும், அதுவும் பாதி தான் வரும்.

அவர் கிளம்பிப் போனபோது எனக்கு இரட்டைச் சடை இருந்தது, முன்பல் இரண்டு இல்லை. இப்போது முயல் மாதிரி இரண்டு பல் இருந்தது, தலையில் முடி தான் இல்லை. அம்மாவின் வேண்டுதல், போன வாரம் தான் வேளாங்கண்ணியில் மொட்டை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருந்தது. அப்பாவுக்கு எப்படி அடையாளம் தெரியும்?

இதை யாரிடமும் சொல்லவில்லை. தெருவையே கலாய்க்கிறவள் நான். என் பயம் வெளியே தெரிந்தால் தெரு என்னை விடுமா?

அதனால் ஒரு போர்டு செய்தேன். அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஷூ பெட்டியின் மூடியில், ஸ்கெட்ச் பேனாவால், 'தோல் வி.ஐ.பி. வருக'. தோல் வேலை பார்க்கிற வி.ஐ.பி. ஆயிற்றே. முகம் தெரியாவிட்டாலும் போர்டு தெரியும் என்று ஒரு தைரியம். பைக்குள் அடங்கவில்லை என்று நடுவில் ஒரு மடி மடித்தேன். வினையே அந்த மடிப்பில் தான்.

விடியலில் ஆம்பூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து திரிசூலம். சுரங்கப்பாதையில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினால் ஏர்போர்ட். இரண்டு பலகை. கீழே 'வருகை'. மேலே 'புறப்பாடு'.

அம்மா ஷூ ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷன். பலகைகளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"உள்ள வர்ற லாரிக்கு இன்வர்ட் கேட். வெளிய வர்ற சரக்குக்கு டெஸ்பாட்ச் கேட். உங்கப்பா உள்ளருந்து வெளிய தான வர்றாரு? அப்ப டெஸ்பாட்ச் தான். ஜெயா, மேல வா."

போனோம். நின்றோம். விமானம் இறங்குகிற நேரம் தாண்டி ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

"அம்மா, எல்லாரும் உள்ளயே போறாங்க. ஒருத்தர் கூட வெளிய வர்ல."

"செக்கிங் முடியணும்ல. சும்மாவா அனுப்புவான்?"

பக்கத்தில் வெளிநாடு கிளம்புகிற ஒரு அண்ணனைச் சுற்றிக் குடும்பமே அழுதுகொண்டிருந்தது. அவருடைய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். என் கையைப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னா பாப்பா, புள்ள மொத மொத ஊருக்குப் போறான், இத புடிச்சினு நிக்கிற?"

குனிந்து பார்த்தேன். மடித்த அட்டையில் 'தோல் வி' மட்டும் தெரிந்தது.

"இது அவருக்கு இல்ல ஆன்ட்டி. எங்கப்பாவுக்கு" என்றேன். அது இன்னும் பேஜாராகிவிட்டது.

அப்போது தான் போன் வந்தது. அப்பா யாரோ ஒரு டாக்ஸி டிரைவரின் போனை வாங்கிப் பேசினார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க நிக்கிற? ஒரு மணி நேரமா தேடறேன்."

"டெஸ்பாட்ச்ல தான் நிக்கிறேன். நீங்க தான் இன்னும் வெளிய வர்ல."

அப்பாவும் ஃபேக்டரி ஆள் தானே. புரிந்துவிட்டது.

"ஐயோ... நான் இன்வர்ட்ல நிக்கிறேன்டி."

கீழே ஓடினோம். கூட்டத்தில் அம்மா கை நீட்டிய இடத்தில், ட்ராலியைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக, நரைத்த தாடியோடு ஒருவர். அவருக்கு என்னைத் தெரியுமா என்று தானே இத்தனை நாள் பயந்தேன்? எனக்கு அவரைத் தெரியவில்லை.

சட்டென்று போர்டால் முகத்தை மூடிக்கொண்டேன். மடிப்பைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. ட்ராலிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது.

"தோல்வியா? பரவால்ல. தோல்விக்குப் பின்னாடி எங்க ஜெயா தான் நிப்பா."

அந்தக் குரல். போனில் பாதி பாதியாக வந்தது, முழுசாக.

அட்டையை இறக்கினேன். "எப்டிப்பா கண்டுபுடிச்ச?"

"இவ்ளோ பெரிய ஏர்போர்ட்ல இந்த வேலைய வேற யாரு பண்ணுவா?" என்று மொட்டையைத் தடவினார்.

டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா சிரித்தபடியே தலையாட்டிவிட்டு, நாங்கள் வந்த ரயில் வழியே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் பெரிய சூட்கேஸ் மேல் நான், என் தோள் மேல் அவர் கை. காட்பாடி தாண்டி, குடியாத்தம் தாண்டி, தோல் பதனிடுகிற டேனரி வாடை உள்ளே வந்ததும் எதிர் சீட்டுக்காரர் கர்ச்சீப்பால் மூக்கை மூடினார். அப்பா மட்டும் நெஞ்சு நிறைய இழுத்தார்.

அவர் இன்னும் ஆப்பிரிக்காவில் தான் வேலை செய்கிறார். இப்போது ஏர்போர்ட்டிலிருந்து சென்ட்ரலுக்கு நேராக மெட்ரோ. தப்பான கேட்டில் நிற்க ஆளே இல்லை. "எதுக்கு அலையறீங்க, நானே வந்துர்றேன்" என்பார். என் போன் மேப்பில் அவருடைய நீலப் புள்ளி மீனம்பாக்கத்திலிருந்து நகரும். அது யாரையும் தேடாது, யாருக்காகவும் நிற்காது.

போன மாதம் வந்தபோதும் அப்படித் தான். 'இறங்கிட்டேன்' என்று மெசேஜ். நான் கலாய்க்கலாம் என்று, 'எந்த கேட்?' என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

'இன்வர்ட் தான்மா. எல்லார் கையிலயும் போர்டு இருக்கு. எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டு இப்ப தான் மெட்ரோவுக்கு நடக்கறேன்.'