லேஸ் பூவின் சாறு

அவளை அந்தத் தெருவில் எல்லோரும் லேஸ்காரி என்றுதான் சொல்வார்கள். தையல்காரி என்று நினைத்துக் கிழிந்த திரைச்சீலையோடு வந்து நின்றவர்களும் உண்டு. அவள் விற்றதோ பூ. குடைக்கம்பிகள் போல விரிந்த காம்புகளின் நுனியில் நொய்யைத் தூவினாற்போல் வெள்ளைப் பூ. தள்ளி நின்று பார்த்தால் லேஸ் துணியேதான். வாசனை கிடையாது, தொடுக்கவும் வராது. ஜாடியில் ரோஜாவுக்குப் பக்கத்தில் செருகினால்தான் அதற்கு மரியாதை.

பஸ் பணிமனைக்குப் பின்னால் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலம். பிடுங்கி நட்டால் இந்தச் செடிக்கு ஆணிவேர் அறுந்துவிடும். அதனால் விதையை நேராகப் பாத்தியிலேயே தூவுவாள். அதற்குமுன் ஈரத்துணியில் மடித்து இரண்டு வாரம் பிரிட்ஜில் வைப்பாள். முதல் வருஷம் அவள் வீட்டுக்காரர், சீரகம் ஊசிப்போய்விட்டது என்று அதை அப்படியே குப்பையில் கொட்டினார். அதற்கப்புறம் அந்த மனுஷனுக்குச் சமையலறைப் பக்கமே வேலை இல்லை.

அடுத்த வருஷம் இன்னொன்றும் தெரிந்துகொண்டாள். வெட்டிய காம்பில் வடியும் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், இரண்டு நாள் கழித்துத் தீப்பட்டதுபோல் கொப்புளம் கிளம்பும். மணிக்கட்டில் வந்த தழும்பு மறைய ஆறு மாதமானது. அன்றிலிருந்து வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையும் கையுறையும்தான். காரணத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை. பூக்கடைக்காரர் காதுக்குப் போனால் வாங்கமாட்டார் என்று பயம்.

இந்த வருஷம் அவர் ஒரு ஹோட்டல் விருந்துக்கு முந்நூறு காம்பு கேட்டார். சாயங்காலம் என்றவர், அன்று காலையில் போன் செய்து, பகல் இரண்டு மணிக்கே வண்டி வரும் என்றார். நன்றாக விரிந்ததாகப் பார்த்துப் பொறுக்கி வெட்ட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் வாளியிலேயே தலை தொங்கிப்போகும். லேஸ்காரி நாத்தனாரைக் கூப்பிட்டாள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள், அன்று லீவு. அரைக்கை உடுப்போடு ஓடி வந்தாள்.

"இந்த வெயில்ல எதுக்கு அண்ணி அண்ணன் சட்டை?"

"கருத்துப் போயிடுவேன்ல."

"இனிமே கருக்கறதுக்கு என்ன பாக்கி இருக்கு?" என்று சிரித்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

சொல்ல வேண்டியது லேஸ்காரியின் நுனிநாக்கு வரை வந்தது. சொன்னால் சட்டை மாற்ற வீட்டுக்குப் போவாள், அரைமணி நேரம் போய்விடும். திரும்பி வராமலே இருந்துவிட்டால்? ஒருநாள்தானே, ஒன்றும் ஆகாது என்று வந்ததை விழுங்கிவிட்டாள். வண்டி வந்தபோது முந்நூறும் தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் நாத்தனாரின் இரண்டு கையிலும் முழங்கை வரை கொப்புளம். காப்பகத்தில் பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள். தொற்று இல்லை என்று தெரியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். லேஸ்காரி வேளை தவறாமல் மருந்து போட்டுவிட்டாள். "நீங்க இல்லாட்டி என்னை யாரு அண்ணி பாப்பாங்க?" என்று அவள் சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை; கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்படியும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேறு ஆள் வருகிறாள் என்று காப்பகத்திலிருந்து சேதி வந்த பிறகுதான் கிளம்பினாள். அங்கே பெரியவர்களுக்கு நாற்காலி இல்லை. பொறுப்பாளர் அம்மாவுக்கு எதிரில், குழந்தை நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது தொத்து இல்லீங்க. எங்க பூவோட சாறு. எனக்கு முன்னாடியே தெரியும்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பூ வெட்டினதுக்கு அப்புறம்தான் வந்துச்சுன்னு அவளும் சொன்னா. அப்ப உங்க அண்ணியக் கூட்டிட்டு வாம்மா, அவங்க வாயால சொல்லட்டும்னேன். வேணாம்னுட்டா. வெளிய தெரிஞ்சா அண்ணி பூவை யாரும் வாங்க மாட்டாங்களாம். வேலை போனாப் போகட்டும்னா."

லேஸ்காரி தலையை நிமிர்த்தவில்லை. திங்கட்கிழமை அவளையே வரச் சொல்கிறேன் என்று அந்த அம்மா சொன்னதும் பாதிதான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனார் முன்னால் போய் நின்றாள். வேலை திரும்பக் கிடைத்ததை முதலில் சொன்னாள். பிறகு மற்றதையும் சொன்னாள்.

நாத்தனார் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "தெரியும்னா... அன்னிக்கு நான் வெட்டிட்டு இருக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா பழைய துணியைக் கையில சுத்திக்கிட்டு வெட்டியிருப்பேனே அண்ணி. வராமலா போயிருப்பேன்?"