காவடிக்குள் ஒளிந்தவன்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம். என் வேலை நிலைக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோது காய்ச்சலென்று புளுகிவிட்டு, மூவார் பட்டணத்தில் காவடி எடுத்தேன். கார் நுழையாதபடி கயிறு கட்டியிருந்ததால் தெரு முழுக்க எங்களுடையது. ஆனந்தமாக ஆடினேன்.

கயிற்றுக்கு அப்பால் எங்கள் துரையின் கார் வந்து நின்றது. மயிலிறகில் முகத்தைப் புதைத்துப் பின்பக்கமாகவே ஆடினேன். அருள் வந்துவிட்டதென்று பெண்கள் என் காலில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். என் நடுக்கத்துக்கு அத்தனை மரியாதை.

எங்கள் கங்காணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“நேரா ஆடுய்யா. பெரட்டு முடிஞ்சதும் தோட்டத்த மூடிட்டாங்க. துரையே சீமைக்குத்தான் கெளம்பிட்டாரு.”

என் கால்கள் நின்றன.

“சாமி மலையேறிடுச்சு” என்றாள் ஒருத்தி.

காவடி மட்டும் தோளில் இருந்தது. அதை இறக்கக் கோயில்வரை நடக்கத்தானே வேண்டும்.