சோடா விளம்பரத்துக்கு ஒரு மீசை

மேக்கப் போடுகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் மேலுதட்டைத்தான் பார்ப்போம். வியர்வை முதலில் எட்டிப் பார்க்கிற இடம் அதுதான். செங்கல்பட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். வேலை தெரிந்தும் "உனக்கு எதுக்கும்மா இது" என்று ஓரங்கட்டப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் கதை.

தலையோடு நிறுத்திக்கொள்

மதுவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பதால், அதே பெயரில் சோடா விற்பதாக விளம்பரம் எடுப்பார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் அப்படி ஒரு சோடாவுக்கு மூன்று நாள் ஷூட்டிங். கதை இவ்வளவுதான்: மீசைக்கார வீரர் ஒருவர் அலையைக் கிழித்துக்கொண்டு வருவார். கரையில் ஒரு பெண் டம்ளரை நீட்டிக்கொண்டு அவரையே வாய் பிளந்து பார்ப்பாள்.

மேக்கப்புக்கு என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு, போனதும் அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிடச் சொன்னார்கள். ஆறு வருஷமாக இதே கதைதான். ஷூட்டிங் ஆட்கள் பட்டியலில் 'மேக்கப்' என்று ஒருமுறை என் பெயர் வந்துவிட்டால் போதும், அடுத்த கம்பெனி அந்த வேலைக்கே கூப்பிடும். வீரருக்கு நான் மேக்கப் போடட்டுமா என்று மேனேஜர் சம்பத்திடம் கேட்டேன்.

"இன்னாம்மா நீ, ஆம்பள மூஞ்சில பொம்பள கை வச்சா அவன் ஆம்பள மாரியா தெரிவான்? தலையோட நிறுத்திக்க."

வீரருக்குச் சர்க்கரை

வீரராக நடித்த பிரவீன் மறைமலைநகரில் ஜிம் மாஸ்டர். நல்ல உடம்பு, ஆனால் மழுமழுவென்று இருந்தார். "ஆம்பளைன்னு தெரியணும்" என்றார் டைரக்டர். மேக்கப்மேன் ஏகாம்பரம் அண்ணன் முகத்தில் கறுப்புப் பூசி, மீசை ஒட்டி, நெஞ்சிலும் கொத்துக் கொத்தாக முடி ஒட்டினார். வீரர் கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தார்.

டம்ளரில் நிறத்துக்காக ஊற்றியிருந்தது பால் விடாத டீ. ஒரு மடக்கு குடித்ததும் கம்பீரமாகச் சிரிக்க வேண்டும். குடித்தவர் என் பக்கம் திரும்பிக் கெஞ்சினார்:

"அக்கா, கசக்குதுக்கா. ஒரு ஸ்பூன் சக்கர போடச் சொல்லேன்."

கடலோடு போன மீசைகள்

மூன்றாம் நாள் கடலில் இறக்கினார்கள். முதல் அலையில் ஒரு மீசை போயிற்று. அடுத்த அலையில் இன்னொன்று. கைவசம் மிச்சம் ஒன்றே ஒன்று. வெயில் இறங்க இறங்க டைரக்டர் குரல் ஏறிக்கொண்டே போனது.

காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். அண்ணன் கறுப்பைப் பூசிவிட்டு அதன் மேல் பசை தடவுகிறார். பூச்சு கரைந்தால் மீசையும் சேர்ந்துதான் போகும். அதுவரை தலையோடு நிறுத்திக்கொண்டிருந்தவள், நேரே டைரக்டர் முன்னால் போய் நின்றேன். "நான் ஒட்றேன் சார். நின்னுச்சுன்னா லிஸ்ட்ல மேக்கப்னு எம்பேரு வரணும்." அவர் தலையாட்டிவிட்டார். இதுவும் போனால் இனி தலை வாரக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

மேலுதட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். ஐஸ் வைத்து வியர்வையை அடக்கினேன். பசையை மெல்லிசாகத் தடவி, அது பிசுபிசுக்கிற பதம் வந்ததும் மீசையை வைத்து அழுத்தினேன். கறுப்பெல்லாம் அப்புறம்தான், மீசையைச் சுற்றி. வைகாசிப் புழுக்கத்தில் ஏசி இல்லாத மண்டபத்தில் கல்யாணப் பெண் முகத்தைக் காப்பாற்றுகிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா?

முதல் அலையில் மீசை நின்றது. இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவது அலை ஆளையே புரட்டிப் போட்டது. பிரவீன் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்தார், மீசையோடு! நான் கத்தியே விட்டேன். வாய் பிளந்து பார்க்க வேண்டிய பெண் இரண்டு விரலை வைத்து விசிலடித்தாள். ஏகாம்பரம் அண்ணன் வந்து மீசையை இழுத்துப் பார்த்தார்.

"பிச்சாலும் வர மாட்டேங்குதே! எனக்கும் கத்துக் குடு எஸ்தரு."

பேனா பிடித்த கை

பட்டியலை எடுத்த சம்பத், 'உதவி' என்று எழுத ஆரம்பித்தார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். நியாயம் கேட்பவர் போல அவர் ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"மேக்கப்னு முழுசா எழுதுய்யா. என் மீச ரெண்டும் கடல்ல கீது, அவுங்களுது மூஞ்சில கீது."

இப்போது டி.வி.யில் அந்த ஆள் மீசையை முறுக்கி "ஆம்பளைன்னா சும்மாவா" என்று கேட்கும்போதெல்லாம், பார்லரில் இருக்கிற பெண்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், சும்மா இல்லை, அரைமணி நேரம் ஆனது என்று.