கூரை வைத்த காரைப் பார்க்கப் போனேன்

காலை ஏழு மணிக்கு பாரிசின் ரூ காய் தெரு முனையில் யோகனின் வெள்ளை வான் வண்டியில் ஏறினேன். யோகன் எங்கள் தெருக் கடைகளுக்கு மரக்கறி இறக்குபவர். கார்ப் பந்தயம் என்றால் பைத்தியம். ஓர்லியோன் நகரைத் தாண்டி ஒரு பந்தயத் திடல், போக நூற்று நாற்பது கிலோமீற்றர். திருநீறு பூசி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டுதான் காலை வைத்தேன்.

போன காரியத்தை முதலே சொல்லிவிடுகிறேன். என் மகள் தர்சிகாவை நிரோஷன் என்ற பிள்ளைக்குக் கேட்டிருந்தார்கள். பாரிஸ் புறநகர் லெ பிளாங்-மெனிலில் தகப்பனின் கார் திருத்தும் கராஜில் வேலை, ஓய்வு நாட்களில் பந்தயம். இருவருக்கும் விருப்பம். ஆனால் அவர் ஓட்டிய காரை மகள் கைப்பேசியில் காட்டினாள். ஊசி போல ஒரு உடம்பு, நாலு சில்லும் வெளியே, தலைக்கு மேலே வெறும் ஆகாயம். "கூரை இல்லாத காரிலை போற பிள்ளைக்கு நான் எப்பிடிப் பெண் குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டேன். சில மாதம் கழித்துச் செய்தி வந்தது. அந்தக் காரை விட்டுவிட்டாராம், இப்போது கூரையுள்ள ஸ்டாக் கார்தானாம். எங்கள் லா சப்பேல் பகுதிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லலாம் என்றுதான் இந்தப் பயணம்.

நெடுஞ்சாலையில் யோகன் விளக்கம் சொன்னார். "அண்ணை, அந்த வெளிச்சில்லுக் காரிலை ஆளையாள் தொடமாட்டாங்கள். சில்லும் சில்லும் முட்டினால் ஒண்டு எழும்பிப் பறக்கும்."

"அப்ப இதிலை?"

"இதிலைதான் கூரை இருக்குதே, உங்களுக்கு என்ன பயம்?" என்று சிரித்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. சுங்கச்சாவடியில் பதின்மூன்று யூரோவும் சில்லறையும் கட்டினோம்.

ஒன்பதரைக்குத் திடலுக்குள் போனோம். நுழைவு தலைக்கு இருபது யூரோ. முட்டை வடிவத்தில் ஓடுதளம், உள்பக்கம் தாழ்ந்து வெளிப்பக்கம் உயர்ந்தது, சுற்றிலும் கொங்கிறீற்றுச் சுவர். நிரோஷன் ஓடிவந்து, "வாங்கோ மாமா" என்று கும்பிட்டார். காரைத் தொட்டுப் பார்த்தேன். கூரை இருந்தது. கதவு இருந்த இடத்தில் வெறும் தகரம், திறக்கவே திறக்காது. அவர் யன்னலுக்குள்ளால் காலை விட்டு உள்ளே இறங்கினார். உதவிக்கென்று முதல்நாளே வந்திருந்த மகள் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு, கையில் ஒரு வோக்கிடோக்கியோடு போய்விட்டாள். வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள்.

பதினொரு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் வளைவிலேயே பின்னால் வந்த கார் நிரோஷனின் காரை டொம் என்று இடித்தது. நான் எழும்பிவிட்டேன்.

"ஐயோ, இடிச்சுப்போட்டான்! ஓட்டத்தை நிப்பாட்டச் சொல்லு!"

"இருங்கோ அண்ணை. இது இடிச்சு ஓடுற ஓட்டம்."

"தெரிஞ்சுகொண்டோ என்னைக் கூட்டிவந்தனீ?"

"நீங்கள் கூரைதானே கேட்டனீங்கள்?" என்றவர், பதினைந்து யூரோவுக்கு வாடகைக்கு எடுத்த காதுக்கருவியை என் தலையில் மாட்டினார். ஓட்டுநரோடு அவருடைய ஆட்கள் பேசுவதை அதில் கேட்கலாம்.

ஒரு பெண்குரல். தமிழ்!

"உள்பக்கம் ஒராள்... இன்னும் நிக்கிறான்... போயிட்டான். இப்ப முட்டு! முட்டித் தள்ளடா!"

என் பிள்ளையின் குரல். கட்டப்போகிறவரை 'டா' என்கிறாள். அடுத்தவன் காரை இடி என்கிறாள்! யோகன் கண்காணிப்புக் கோபுரத்தின் மொட்டைமாடியைக் காட்டினார். ஒவ்வொரு காருக்கும் ஒருவராக வரிசையாக நின்றார்கள், நடுவில் தர்சிகா. "கார் ஓடுறவைக்குப் பக்கம் தெரியாது அண்ணை. மேலை நிக்கிறவைதான் கண். மற்ற ஆக்களும் ஒட்டுக்கேப்பினம். அதுதான் தமிழ்."

அப்போது முன்னால் இரண்டு கார்கள் மோதிச் சுழன்றன. தளம் முழுவதும் வெள்ளைப் புகை. நிரோஷன் அதற்குள் மறைந்தார்.

"கீழை, கீழை... பிறேக் பிடிக்காதை... கீழையே நில்... இப்ப மேலை!"

கண்ணை மூடி, "பிள்ளையாரப்பா" என்று கத்தினேன் என்று யோகன் பிறகு சொன்னார். திறந்தபோது கார் புகைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டம் முடிந்து, ஒரு பக்கம் நசுங்கிய காரிலிருந்து நிரோஷன் வெளியே வந்தார். ஏழாம் இடம். "தம்பி, ஏன் பிறேக் பிடிக்கேல்லை?" என்றேன்.

"எனக்கு ஒண்டுமே தெரியேல்லை மாமா. அவ சொன்னா, போனன்." முகத்தைத் துடைத்தார். "பழைய காரிலை என்ரை சில்லை நானே பாப்பன், தொடாமல் ஓடவேணும் எண்டுதான் பழகினது. இதிலை வந்த புதுசிலை அவ சொன்னதைக் கேக்கேல்லை. மூண்டு ஓட்டம், மூண்டும் சுவரிலை."

மகள் இறங்கி வந்தாள். நிரோஷனைப் பந்தயத்தை அடியோடு விடச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"பிள்ளை, நீ ஒருநாள் பிழையாச் சொல்லிப்போட்டால்?"

அவள் தமிழில் சொன்னாள். "அதை நினைச்சு எனக்கு நித்திரை வாறேல்லை அப்பா. ஆனால் வேறை ஆரும் சொல்ல, நான் கீழை நிண்டு பாக்கேலாது."

அவர் உயிருக்குத்தான் இத்தனை நாளும் பயந்தேன். அவளும் பயந்துகொண்டுதான் அங்கே ஏறி நிற்கிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எது பெரிய பயம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும்போது மகளும் எங்களோடு வானில் வந்தாள். பாரிசுக்குள் நுழைய மாலையாகிவிட்டது. லா சப்பேலில் வழக்கமான நெரிசல். ஒருவருக்கொருவர் விரற்கடை இடைவெளியில் கார்கள், ஹோர்ன் சத்தம், ஒருவரும் ஒருவரைத் தொடவில்லை. ரூ பெர்தொனே அருகில் நகைக்கடைகளில் விளக்கு எரிந்தது.

"யோகன், இதிலை நிப்பாட்டு."

"இதிலை நிப்பாட்டேலாது அண்ணை."

"அப்ப மெதுவாப் போ, நாங்கள் இறங்கிறம்." மகளைப் பார்த்தேன். "நிரோஷனுக்குப் போன் எடுத்துச் சொல்லு. தாலிப் பொன்னுருக்குக்கு நாள் பாக்கட்டாம்."

அவள் அவருக்கு எடுத்துப் பேசியதும் தமிழில்தான்.