ஃபுல்பேக்குக்குப் போட்ட பொன்னாடை

எங்கள் ஹாக்கி கிளப்பில் என்னை இணைச் செயலாளர் ஆக்கியதற்கு ஒரே காரணம், என்னிடம் லேப்டாப் இருந்ததுதான். ஆட்டம் எனக்கு வராது. கல்லூரி அணியில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு என்னைவிட ஆட்ட அனுபவம் அதிகம். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேசவிட்டால் இடைவேளைகூட விடமாட்டேன்.

விளாங்குடியில் ஒரு மண் மைதானம் எங்களுடையது. அணியில் பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள். வெளியூரிலிருந்து இரண்டு பேரை மட்டும் காசு கொடுத்துக் கூட்டி வருவோம். போன வருடம் அந்த இருவரில் ஒருவர் பேரையூர் அண்ணன், நாற்பதைத் தாண்டியவர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஃபுல்பேக், உரக்கடையில் வேலை. இன்னொருவன் முன்வரிசையில் பறக்கிற ஒரு கல்லூரி மாணவன். இந்த வருடம் எங்களுக்குப் பணம் தரும் டைல்ஸ் கடைக்காரர் மகள் கல்யாணத்தைச் சொல்லிப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஒருவருக்குத்தான் இடம்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. போன சீசன் ஆட்டங்களை வாடகை ட்ரோனில் படமெடுத்து, யார் எவ்வளவு ஓடினார்கள் என்று வண்ண வண்ணமாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். பயிற்சி முடிந்த ஒரு மாலையில் ஸ்கூட்டர் சீட்டின்மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் எங்கள் பொருளாளர் குனிந்து பார்த்தார்.

“என்ன மாப்ள இது, கொசுவத்தி மாதிரி சுத்துது?”

“அது காலேஜ் பையன் ஓடுன தடம்ணே.”

“அந்தா, நகராம கெடக்குதே ஒரு சிவப்பு. அது கோல்போஸ்ட்டா?”

“அதுதாண்ணே நம்ம பேரையூர் அண்ணன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “சரி, அவரு வேணாம்னா நீயே நேர்ல போயிச் சொல்லிரு. போன்ல சொல்லாத. வருசக்கணக்கா ஆடுன மனுசன்” என்றார்.

சொல்வதையும் நாகரிகமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். என் கல்லூரியில் ஓய்வு பெறும் பேராசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவார்கள். நானும் சரிகை மினுங்கும் பொன்னாடை ஒன்றை வாங்கினேன். பேரையூர் பஸ்ஸில், “தங்கள் பங்களிப்பை எங்கள் கிளப் என்றும் மறவாது” என்று தொடங்கும் உரையை முணுமுணுத்தபடியே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மேடை முறைப்படி முதலில் பொன்னாடை, பிறகு உரை. வாசலில் வைத்தே அண்ணன் தோளில் போர்த்தினேன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் மனைவி எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏக்கா! விளாங்குடியில இருந்து வந்துட்டாக! இந்த வருசமும் இவுகதான்!”

எங்கள் பக்கத்து அணிகளில் ஒப்பந்தப் பத்திரம் என்று எதுவும் கிடையாது. சீசனுக்கு முன்னால் ஆட்டக்காரரின் வீட்டுக்குப் போய் அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டால் ஒப்பந்தம் முடிந்தது. அதன்பின் அவர் வேறு அணிக்கு ஆடமாட்டார், அணியும் அவரை விடாது. இது கிளப்பில் பந்து பொறுக்குகிறவர்கள் வரை தெரியும். போன வருடம் மற்றவர்கள் துண்டோடு கிளம்பியபோது, நான் வாடகைக்கு ட்ரோன் தேடிக்கொண்டிருந்தேன்.

“போன வருசம் வெறுந்துண்டு. இந்த வருசம் பொன்னாடை. சம்பளத்தையும் கூட்டியிருப்பாக போல” என்றார் மதினி.

“சும்மா இரு” என்று அவரை அடக்கிவிட்டு, அண்ணன் சரிகையைத் தடவியபடி என்னிடம் சொன்னார்: “போன வாரம் இன்னொரு டீம்ல இருந்து துண்டோட வந்தாக தம்பி. நம்மாளுக வருவாகன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனாலும் நாள் போகப் போக, விட்டுருவீகளோன்னு கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு.”

“அண்ணே, அது வந்து…”

“எதுன்னாலும் சாப்புட்டுப் பேசலாம்.”

கோழிக்குழம்பு. கோழிக்காலைக் கடித்தபடி ஒருவரை அணியிலிருந்து நீக்குவது எப்படி என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய்ப் பொருளாளருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“போத்திட்டியா?”

“போத்திட்டேண்ணே.”

“தோள்லயா?”

“பின்ன எங்கண்ணே போத்துவாக?”

மறுமுனையில் அவர் சிரித்து ஓய நேரம் பிடித்தது. “போட்டது போட்டதுதான் மாப்ள. எடுத்து மடிச்சுக் கொண்டாரவா முடியும்? நல்லாச் சாப்புட்டு வா.”

கல்லூரி மாணவன் வேறு அணிக்குப் போய்விட்டான். மதினி சம்பள உயர்வை நம்பிவிட்டதால் தலைவர் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். அதற்காக வெட்டப்பட்டது என் ட்ரோன் வாடகை.

காலிறுதியில் அதே மாணவனின் அணியோடு மோதினோம். கடைசி நிமிடங்களில் அவன் பந்தோடு வலப்பக்கம் விரைந்தான். அண்ணன் திரும்புவதற்குள் கோல். இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். வாழ்க்கையில் நான் சரியாகக் கணித்தது இது ஒன்றுதான். “அப்பவே சொன்னேன்ல” என்று வாயைத் திறந்தபோது, பக்கத்தில் தூக்குவாளியோடு மதினி நின்றிருந்தார். கொட்டாவி விடுவதுபோல வாயை மூடிக்கொண்டேன்.

தோற்றபின் அண்ணன் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் பொருளாளரும் போய் நின்றோம்.

“அரை எட்டு தம்பி. அரை எட்டுதான் பிந்திட்டேன். அடுத்த வருசம் அவன விடமாட்டேன். என்ன சொல்றீக?”

நான் பொருளாளரைப் பார்த்தேன். அவர் அவசரமாகக் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

“அதுக்கென்னண்ணே, பாத்துக்கிருவோம்” என்றேன் நான்.