தகரத்துக்கு ஓலை மேய்ந்த பிச்சையா கொத்தனார்

மேடைக்கு நடுவில் நின்று பிச்சையா கொத்தனார் ஒரு தடவை கை தட்டுகிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். அந்த ஓசை கடைசிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் வெற்றிலையை வாயில் போடுகிறார். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்னால், தினமும் இது நடந்தாக வேண்டும்.

தென்காசியில் அந்தப் பள்ளிக்கூடத்து நாடகக் கொட்டகையைக் கட்டியவர் அவர். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. சாந்துச் சட்டி சுமந்தவர் கரண்டி பிடித்து, இன்று ஒரு பட்டாளத்தையே வேலை வாங்குகிறார். அதைச் சொல்லாமல் யாரிடமும் நலம்கூட விசாரிக்க மாட்டார். "எனக்குக் கையெழுத்துப் போட வராது. இந்தா நிக்குல்லா சொவரு, இதான் என் கையெழுத்து" என்பார், நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு.

கொட்டகைக்குள் மட்டும் குரல் தணிந்துவிடும். செருப்பை வெளியே விட்டுவிடுவார். அவ்வளவு அகலத்துக்கும் நடுவே ஒரு தூண் கிடையாது. அண்ணாந்து பார்த்தால், கட்டியவருக்கே இது எப்படி நிற்கிறது என்று மலைப்பாக இருக்கும். பரீட்சை, கல்யாணப் பந்தி, மார்கழி பஜனை எல்லாம் அங்கேதான். ஆனால் கட்டியது நாடகத்துக்கு.

அந்த நாடகத்தில்தான் மண் விழுந்தது. ஓடு போட்டால் தூண் வேண்டும் என்று பிடிவாதமாகத் தகரம் போட்டவர் அவரே. சித்திரை வெயிலில் கை தட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். குற்றாலத்துக்குக் குளிக்க வரும் பெரிய மனிதர்களும் பார்க்கட்டும் என்று நாடகத்தை ஆடியில் வைத்தார்கள். திரை விலகியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ஊரே கூடித் தகரத்தின் மேல் கொள்ளு வறுப்பதுபோல் இரைச்சல். ராஜா வேஷக்காரன் வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறந்ததிலிருந்து சாரலில் நனைந்த மனிதர், சாரலைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார்.

மறு வருஷமும் அதே கதைதான். மூன்றாம் வருஷம் ஆடி பிறக்குமுன்பே பள்ளிக்கூட மானேஜர் சுந்தரபாண்டியன் கூப்பிட்டனுப்பினார்.

"என்னவே பிச்சையா, யுத்தம் வந்ததுலேர்ந்து சர்க்கார்ல நெல்லு அடுக்க எடம் கேட்டு நச்சரிக்காங்க. இந்த வருசமும் பாட்டை மழை தின்னுட்டுன்னா கொட்டகையைக் குடோனுக்கு விட்டுருவேன். மூடைக்குக் காது கேக்க வேண்டாம், பாத்தீரா?"

"மூடை அடுக்கவா நான் தூணு இல்லாமக் கட்டுனேன், மொதலாளி?"

மறுநாளே குத்துக்கல்வலசையிலிருந்து வண்டி வண்டியாய்த் தென்னங்கிடுகு வந்து இறங்கியது. தகரத்தின் மேல் அதைப் பரப்பி, காற்று தூக்காமல் இருக்கக் குறுக்கே பனங்கைச் சட்டங்களை வைத்து, வடம் போட்டுத் தானே ஏறிக் கட்டினார். "தகரத்துக்கே கொடை பிடிக்காருவே கொத்தனாரு" என்று கடைவீதி சிரித்தது. கஞ்சி கொண்டுவந்த மனைவி உலகம்மையும் சும்மா இருக்கவில்லை.

"ஒழுகாத கூரைக்கு ஓலை மேயுத மனுசன் ஒலகத்துல நீங்க ஒருத்தருதான்."

"ஏளா, தகரம் மழைக்கு. ஓலை பாட்டுக்கு."

நாடகத்தன்று சாயங்காலமே மலை கறுத்துவிட்டது. முன்வரிசையில் மானேஜர். தரையில் உட்கார்ந்திருந்த கடைசிக் கூட்டத்துக்கும் பின்னால், சுவரில் முதுகு சாய்த்துப் பிச்சையா நின்றார். முதல் பாட்டு தொடங்கவும் சாரல் இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மழை ஓலைக்குள் புதைந்து, தூரத்தில் அருவி விழுவதுபோல் முணுமுணுத்தது. அதற்கு மேலே பெண் வேஷம் கட்டிய மாணவனின் குரல் தனியாக எழுந்து, தூணில்லாத அந்த வெளியை முழுக்கக் கடந்து, கடைசிச் சுவர் வரைக்கும் வந்தது. தரையில் இருந்த ஒருத்தி, "பாவம், அந்தப் பிள்ளை என்னமா அழுதா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பாட்டு முடிந்தது. கொட்டகையே கை தட்டியது. மானேஜரும் தட்டிக்கொண்டே திரும்பி, கூட்டத்துக்குள் கொத்தனாரைத் தேடினார்.

பிச்சையா கை தட்டவில்லை. திரும்பி நின்று இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, கைதட்டலின் அதிர்வு அடங்கும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.