சின்யோராவின் சஷ்டி

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டுச் சின்யோராவுக்குத் திடீரென்று கெல்ட் இரத்தம் ஊறியது. அவளுடைய பாட்டன் வடக்கே எங்கோ பிறந்தவராம். அது போதும் அவளுக்கு. மிலானோவிலிருந்து புத்தகங்கள் வந்து குவிந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டில் மரத்தைக் கும்பிட்ட அந்தக் கெல்ட் சனத்தின் பூசாரிகளுக்கு ட்ரூயிட் என்று பேர். அவர்களைப் போல உடுக்க அவள் ஒரு வெள்ளை அங்கி தைத்தாள். அதற்கு இஸ்திரி போட்டவள் நான். அங்கியாவது மண்ணாவது! பழைய படுக்கை விரிப்பு. ஓரத்துப் பூப்பின்னல்கூட அப்படியே இருந்தது.

எனக்கோ அந்த ஐப்பசியில் ஆறாவது கந்தசஷ்டி விரதம். கலியாணம் முடித்து ஏழு வருடம், பிள்ளை இல்லை. ஆறு நாளும் பால், பழத்தோடு இருந்து, கடைசி நாள் பின்னேரம் சூரன்போர் பார்க்க வேண்டும். கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையைத்தான் நாங்கள் கோயிலாக வைத்திருந்தோம்.

"லீவு கேளுமன். மாட்டன் எண்டே சொல்லப்போறா?" என்றார் கணவர்.

கேட்டேன். "பட்டினி கிடந்தால் பிள்ளை வருமா? மூடநம்பிக்கை!" என்றாள் சின்யோரா. அதோடு, அன்றைக்கு நிலாவின் ஆறாம் நாளாம். ட்ரூயிட்டுகளின் புனித நாளாம். தோழிகள் வந்து வீட்டு வளவில் விஸ்கியோ வெட்டப்போகிறார்களாம். நிலாவின் ஆறாம் நாளுக்கு எங்களிடம் சஷ்டி என்று பேர். என் சஷ்டியை மறித்துவிட்டுத் தன் சஷ்டியைக் கொண்டாட நின்றது அந்தப் பைத்தியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஸ்கியோ என்பதை நான் விஸ்கி என்றே எடுத்தேன். அன்று காலை கிளாஸ்களைத் துடைத்து மேசையில் அடுக்கினேன். பிறகு, அவள் சொல்லியிருந்தபடி வளவைத் துப்புரவாக்கப் போனேன். இலை கொட்டிய வாதுமை மரத்தில் பச்சைப்பசேலென்று ஒரு கொத்து. குருவிச்சை. மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றையே குடிக்கிற சனியன். ஊரில் அதைக் கண்டால் விட்டுவைக்க மாட்டோம். ஏணி வைத்து ஏறி, அடியோடு வெட்டி, தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

பின்னேரம் மூன்று படுக்கை விரிப்புகள் மரத்தடியில் வந்து நின்றன. சின்யோராவின் கையில் தங்கநிறம் பூசிய அரிவாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"விஸ்கியோ எங்கே?"

"போத்தலை நீங்கள் தரவில்லையே, சின்யோரா. கிளாஸ் வைத்திருக்கிறேன்."

அவள் மரத்தைக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. குப்பையில் போட்டதைச் சொன்னேன்.

"தரையிலேயே படக்கூடாத செடி அது!" என்று கத்தினாள். "அதைக் கரைத்துக் கொடுத்தால் மலடும் பிள்ளை பெறும் என்று நம்பினார்கள். அதையா குப்பையில் போட்டாய்? போ, என் கண்முன் நிற்காதே!"

கேட்டும் கிடைக்காத லீவு கிடைத்துவிட்டது. கேற்றுக்கு வெளியே வந்து வாய்விட்டுச் சிரித்தேன். படித்த பெண்கள், ஒரு குருவிச்சைக்காக அழாத குறை.

பஸ் நிறுத்தம் இடப்பக்கம். நான் வலப்பக்கம், குப்பைத்தொட்டிக்குப் போனேன். மீன்தலைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு சிறு கிளையை முறித்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு கைப்பையில் வைத்தேன்.

சூரன் விழுந்தபோது எல்லாரும் அரோகரா என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். நான் ஒரு கையைத்தான் தூக்கினேன். மற்றக் கை கைப்பையை இறுகப் பிடித்திருந்தது.